கட்டாமைக்கு ஓர் இருப்பிடம்

நுழையுமுன்

வீட்டில் ஓர் ஆமையை வளர்க்க வேண்டும் என்னும் ஆசை பிள்ளைகள் பலருக்கும் உண்டு. அது குரைக்காது, விரைந்து ஓடாது, மடியில் வைத்தால் அமைதியாக இருக்கும். ஆனால், ஆமைக்கு எத்தகைய இடம் வேண்டும், அந்த இடத்தை அமைக்க யாருக்கு உரிமை உண்டு என்னும் இரண்டு கேள்விகளை அந்த ஆசை பெரும்பாலும் கேட்பதில்லை. இப்பாடம் அவ்விரண்டையும் கேட்கிறது.

பெயர் ஒன்று, வாழ்க்கை மூன்று

தமிழில் ஆமை என்பது ஒரே சொல். சங்க நூல்களில் அது யாமை என்றும் வழங்குகிறது. கடலில் நீந்துவதும் ஆமை. குளத்தில் வாழ்வதும் ஆமை. முட்புதரில் நடப்பதும் ஆமை. கடலாமையின் கால்கள் துடுப்புகளைப் போலத் தட்டையானவை. நன்னீர் ஆமையின் விரல்களுக்கு இடையே சவ்வு உண்டு. நில ஆமையின் கால்களோ தூண்களைப் போல உருண்டவை. யானைக் கால்களைச் சிறிதாக்கி வைத்ததுபோல் தோன்றும். அதன் ஓடு கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் உயர்ந்திருக்கும்.

இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டும் பயன்படும் செய்தி அன்று. 'ஆமைதானே' என்று எண்ணி நில ஆமையை நீர்த்தொட்டியில் விடுவோர் உண்டு. நீந்துவதற்கேற்ற உடல் அதற்கு இல்லை. ஆழமான நீரில் அது மூழ்கி இறந்துவிடும். ஒரே சொல்லால் மூன்று உயிர்களை அழைக்கும் பழக்கம், அவற்றுள் ஒன்றுக்கு இப்படித் தீங்காக முடிகிறது.

இந்திய நில ஆமைகளுள் பலரும் அறிந்தது கட்டாமை. நட்சத்திர ஆமை என்பதும் இதுவே. கருநிற ஓட்டின் ஒவ்வொரு தட்டின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்கள்போல் விரிந்து செல்லும். கையில் வைத்துப் பார்ப்பவருக்கு அது அழகிய ஓவியம். காய்ந்த புல்லின் ஒளியும் நிழலும் கலந்த தரையிலோ, அந்த ஓவியமே அதை மறைக்கும் போர்வை. தமிழ்நாடு, ஆந்திரம், கருநாடகம் ஆகிய தென்பகுதிகளின் வறண்ட முள்காடுகளிலும், குஜராத், இராஜஸ்தான் ஆகிய வடமேற்குப் பகுதிகளிலும், பாகிஸ்தானின் அண்டை நிலங்களிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் கட்டாமை வாழ்கிறது. காலையிலும் மாலையிலும் மேய்ந்து, நண்பகலில் புதரின் அடியில் ஒடுங்கியிருக்கும். மழை பெய்தால் அதன் நடமாட்டம் கூடும்.

இரண்டு நம்பிக்கைகளும் ஒரு சட்டமும்

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. தில்லியிலோ மும்பையிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இதற்கு நேர்மாறான நம்பிக்கையையும் கண்டிருப்பர். அங்கே பல வீடுகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி உலோக ஆமை ஒன்றை வைத்திருப்பார்கள். ஆமை இருந்தால் செல்வம் பெருகும் என்பார்கள். ஆமைக்கு எது நல்லது என்று இவ்விரு நம்பிக்கைகளும் கேட்கவில்லை. ஆயினும், பழமொழிக்கு அஞ்சியவர்கள் ஆமையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்ததால், அப்பழமொழி ஆமைக்குச் சிறிது நன்மையே செய்தது எனலாம். உலோக ஆமை இருந்த கிண்ணத்தில் உயிருள்ள ஆமையை வைக்க விரும்புவோர் பெருகியதுதான் கட்டாமைக்கு வந்த பெருந்துன்பம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாமையை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெறும் உயிரினங்களின் பட்டியல் அது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் 2019இல் கட்டாமையைத் தன் முதல் பின்னிணைப்புக்கு மாற்றியது. எனவே, கட்டாமையைப் பிடித்தல், வாங்குதல், விற்றல், வீட்டில் வைத்திருத்தல் ஆகிய அனைத்தும் குற்றம். 'நான் அன்போடுதான் வளர்க்கிறேன்' என்பது சட்டத்தின் முன் விடையாகாது.

அப்படியானால், கட்டாமைக்கு இருப்பிடம் அமைப்பவர் யார்? வனத்துறையினரும், உயிரியல் பூங்காக்களும், உரிமம் பெற்ற மீட்பு மையங்களுமே. அவர்களுக்கு அந்த வேலை இடைவிடாது வந்துகொண்டே இருக்கிறது. துணியில் சுற்றப்பட்டு, பைகளிலும் பெட்டிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கடத்தப்படும் கட்டாமைகள் சென்னை உள்ளிட்ட விமான நிலையங்களில் பலமுறை பிடிபட்டுள்ளன. 2018 நவம்பரில் 51 கட்டாமைகள் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. கேரளத்தில் மீட்கப்பட்ட கட்டாமைகள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சின்னார் வன உயிரினப் புகலிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளன. சின்னார் மழை மறைவுப் பகுதி. அதன் வறண்ட முள்காடு கட்டாமைக்கு ஏற்றது. இவ்வாறு வந்து சேரும் ஆமைகளை உடனே காட்டில் விட்டுவிட முடியாது. அவை தேறும்வரை தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும்.

இருப்பிடம் அமைத்தல்

முதலில் நிலம். மழைநீர் தேங்காத, சற்றே சரிந்த தரையைத் தேர்வார்கள். காலை வெயில் தடையின்றி விழும் பக்கம் நல்லது. ஆமைக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. காலை வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகே அது மேயத் தொடங்கும். உண்டதைச் செரிக்கவும் அந்தச் சூடு வேண்டும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் தோலில் பட்டு உயிர்ச்சத்து 'டி' உண்டாகிறது. அது இல்லாவிட்டால் உணவில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் பயனில்லை. ஓடு மென்மையாகும், எலும்பு வளையும். சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களுள் தேவையானவற்றைத் தடுத்துவிடும். சன்னலோரத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆமையை வைப்பவர், வெயிலின் வெப்பத்தை மட்டும் உள்ளே விட்டு, அதன் பயனை வெளியே நிறுத்திவிடுகிறார். கோடையில் அத்தொட்டி அடுப்பாகவும் மாறிவிடும்.

வெயில் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை நிழலும். ஒரே இடத்தில் வெயில், அரைநிழல், அடர்நிழல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். எப்போது எதில் இருப்பது என்பதை ஆமை தானே முடிவு செய்யும். நல்ல இருப்பிடத்தின் முதல் இலக்கணம் இதுவே: ஆமைக்கு ஒவ்வொரு வேளையிலும் தேர்ந்துகொள்ள இடம் இருத்தல். கூண்டு, தொட்டி, பிளாஸ்டிக் கூடை ஆகியவற்றில் இல்லாதது இத்தேர்வுதான்.

அடுத்து, சுவர். கம்பிவலையை விடச் செங்கல் சுவர் மேலானது. வலையின் ஊடே அப்பால் உள்ள நிலம் தெரிவதால், ஆமை அதை முட்டிக்கொண்டே நாள் முழுதும் வேலியோரம் நடக்கும். தலையையோ காலையோ வலைக்கண்ணில் நுழைத்து மாட்டிக்கொள்ளும். பார்வையை மறைக்கும் சுவரைக் கண்டால் திரும்பிவிடும். ஆமை பின்னங்கால்களில் எழுந்து நின்றாலும் முன்னங்கால் மேல்விளிம்பை எட்டக்கூடாது. சுவரின் உயரத்துக்கு அதுவே அளவு. மூலைகளை வளைத்துக் கட்டுவது நல்லது. மந்தமானது என்று பெயர் பெற்ற இவ்விலங்கு, இரு சுவர்கள் கூடும் மூலையில் கால்களை ஊன்றி ஏறுவதில் வியக்கத்தக்க திறமை உடையது. ஏறியது மல்லாந்து விழுந்து, திரும்ப இயலாமல் கடும் வெயிலில் கிடந்தால் இறந்துவிடும். ஆதலால், செங்குத்தான கற்களையும் உள்ளே வைப்பதில்லை. சுவரின் அடிப்பகுதி மண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும்; எலியும் கீரியும் குடைந்து வரும். குட்டிகள் இருக்கும் பகுதிக்கு மேலே வலை கட்டாயம். காக்கைக்கு ஆமைக்குட்டி ஒரு வாய் உணவு.

தரை மண்ணாகவே இருக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் ஆமையின் அடியோடு தேய்ந்து புண்ணாகும். வழவழப்பான ஓடு பதித்த தரையில் கால்கள் அகன்று விரிந்து, நடை கெடும். மண்ணில் ஒரு பகுதியேனும் தளர்வாகவும் ஆழமாகவும் வெயில் படும்படியாகவும் அமைய வேண்டும். பெண் ஆமை பின்னங்கால்களால் அங்கே குழி பறித்து முட்டையிட்டு, மீண்டும் மண்ணை இழுத்து மூடும். தகுந்த மண் கிடைக்காவிட்டால் அது முட்டைகளை உடலுக்குள்ளேயே தேக்கிவைத்துத் துன்புறும். வாயாடத் தெரியாத விலங்கு. தன் துன்பத்தைச் சொல்லாது.

ஒளிந்துகொள்ள இடம் மிக இன்றியமையாதது. பாதியாக உடைந்த மண்பானையைக் கவிழ்த்துப் பாதி புதைத்தால் போதும். அதனினும் நல்லது அடர்ந்த புதரும் புல் கொத்துகளும். திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம், ஆமை தன் ஐந்து உறுப்புகளையும் ஓட்டுக்குள் ஒடுக்குவதை ஐம்புலன் அடக்கத்துக்கு உவமையாக்குகிறது. உவமை அழகியது. ஆனால், கையில் எடுத்த ஆமை தலையையும் நான்கு கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்வது அடக்கத்தால் அன்று, அச்சத்தால். மடியில் 'அமைதியாக' இருக்கும் ஆமை அஞ்சிக் கிடக்கும் ஆமையே.

குடிநீர்த் தட்டு தாழ்வானதாகவும் தரைமட்டத்துக்குப் பதித்ததாகவும் இருக்க வேண்டும். ஆமை அதனுள் இறங்கி நின்று குடிக்கும். நீரின் ஆழம் அதன் தாடையை எட்டலாகாது. நீரிலேயே கழிவும் இடும் என்பதால் நாள்தோறும் கழுவி மாற்ற வேண்டும். இருப்பிடத்தில் அருகம்புல்லும் பிற புற்களும் வளர்ந்திருந்தால் உணவில் பெரும்பகுதி தானே கிடைத்துவிடும். செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும் தரலாம். சித்த மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தால், ஆமை வேண்டும்போது கடித்துச் சுண்ணாம்புச்சத்தைப் பெறும். பாலில் நனைத்த ரொட்டி, சோறு, நாய்க்கான உணவு ஆகியவை ஆகா. அழகுக்காக நடப்படும் அரளி நஞ்சு. அது வேலிக்கு அப்பாலும் இருக்கலாகாது, உதிரும் இலை உள்ளே விழும்.

புதிதாக வந்த ஆமையைப் பழைய ஆமைகளோடு உடனே சேர்ப்பதில்லை. தனி இடத்தில் வைத்துப் பல வாரங்கள் கவனிப்பர். மூக்கில் நீர் வடிகிறதா, கண் வீங்கியுள்ளதா, மேய்கிறதா என்று பார்த்து, குறித்த நாளில் எடையும் எழுதி வைப்பர். நோயை வெளியே காட்டாத விலங்குக்கு எடைக் குறிப்பே நாடி. உரிமம் பெற்ற மையம் ஒன்றின் சுவரில் தொங்கும் அந்த எடைப் பட்டியல், மேலே கூறிய சுவர், மண், நிழல் ஆகிய எல்லாவற்றையும் விட மேலான பாதுகாப்பு என்று கூறினும் மிகையாகாது.

அடுக்ககத்தில் ஓர் ஆமை

இனி, இதே கட்டாமை நகரத்து அடுக்ககம் ஒன்றின் நான்காம் மாடியில் இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். பால்கனி வடக்கு நோக்கியது, வெயில் வாராது. தரை பளிங்கு. புதருக்கு மாற்றாகக் காலணிப் பெட்டி. சனவரி மாதத் தில்லிக் குளிரில் அது உண்பதை நிறுத்துகிறது, கண்களைத் திறப்பதில்லை. வீட்டார் 'உறங்குகிறது' என்று நினைக்கின்றனர். இராஜஸ்தானிலும் குளிர் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால், அங்கே இரவில் ஒடுங்க அடர்ந்த புல்லும், பகலில் உடலைச் சூடேற்ற வெயிலும் உண்டு. பால்கனியில் இரண்டும் இல்லை. ஆமை நாளுக்கு நாள் நலிகிறது. அது தாக்குப்பிடிக்கும் ஆற்றல் மிக்கது என்பதால், நலிவு பல மாதங்கள் நீள்கிறது.

நன்றாக வளர்க்கப்பட்டாலும் மற்றொரு சிக்கல் உண்டு. ஆமையின் வாழ்நாள் நீண்டது. கொல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவில் அத்வைதா என்னும் பேராமை வாழ்ந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள அல்டாப்ரா தீவுகளின் இனம் அது. இராபர்ட் கிளைவின் தோட்டத்தில் இருந்த ஆமை அது என்று சொல்வார்கள். இருநூற்றைம்பது வயதைக் கடந்தது என்றும் சொல்வார்கள். இவை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூங்காவுக்கு வந்த அந்த ஆமை 2006 மார்ச்சில்தான் இறந்தது. அதற்கு இரை வைத்த பணியாளர்கள் எத்தனை தலைமுறையினர்! பத்து வயதுப் பிள்ளை ஆசையாகக் கேட்கும் ஆமையை, அப்பிள்ளை கல்லூரிக்கும் வேலைக்கும் ஊர் மாறிய பின்னர் யார் காப்பார்?

கட்டாமைக்கு மாற்றாகச் சல்கேட்டா என்னும் ஆப்பிரிக்க ஆமையைச் சிலர் வாங்குகின்றனர். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். நிலத்தில் ஆழமான வளை தோண்டும். அயல்நாட்டு விலங்காயினும் அதை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். பெரிய தோட்டம் இல்லாதவர் எண்ணிப் பார்க்கவே கூடாத விலங்கு அது.

காட்டுக்குத் திரும்புதல்

மீட்கப்பட்ட கட்டாமையை அருகிலுள்ள ஏதாவது ஒரு காட்டில் விட்டுவிடுவது இரக்கம்போல் தோன்றும். ஆனால் தென்னகத்துக் கட்டாமைகளும் வடமேற்குக் கட்டாமைகளும் மரபணுவில் வேறுபட்டவை. எங்கிருந்து பிடிக்கப்பட்டது என்று அறியாமல் விட்டால் அம்மரபுகள் கலந்துவிடும். பெட்டியில் அடைபட்டபோது தொற்றிய நோய், காட்டில் நலமாக வாழும் ஆமைகளுக்கும் பரவும். ஆகவேதான் வல்லுநர்கள் ஆய்ந்து முடிவு செய்கின்றனர். சில ஆமைகள் காட்டுக்குள்ளேயே வேலியிட்ட பகுதியில் சிலகாலம் வாழ்ந்து, அந்நிலத்தின் புல்லையும் புதரையும் பழகிய பின்னர் விடுவிக்கப்படுகின்றன. சில ஆமைகள் ஒருபோதும் திரும்ப முடிவதில்லை. ஒருவர் தம் பையில் எடுத்துச் சென்ற சில நிமிடங்களைச் சரிசெய்யச் சில நேரங்களில் ஓர் ஆமையின் வாழ்நாளே போதுவதில்லை.

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்குச் செல்லும் பிள்ளைகள் முள்காட்டு ஓரத்தில் கட்டாமையைக் காணக்கூடும். அது மேய்ந்துகொண்டிருந்தால் தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம். எவரேனும் வீட்டில் அடைத்து வைத்திருப்பது தெரிந்தால், பெரியவர் ஒருவரிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சாலையைக் கடக்கும் ஆமைக்கு உதவுவதாயின், வண்டிகள் வாராமல் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ள, இரு கைகளாலும் ஓட்டைப் பற்றித் தரையை ஒட்டியே தாழ்வாக எடுத்துச் செல்ல வேண்டும். அச்சத்தில் அது சிறுநீரைக் கழித்துவிட்டால், வறண்ட காலத்துக்காக உடலில் சேர்த்து வைத்த நீரை இழந்துவிடும். எந்தத் திசை நோக்கி நடந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்திலேயே விட வேண்டும். புறப்பட்ட பக்கத்தில் விட்டால், சற்று நேரத்தில் அது மீண்டும் சாலையின் நடுவில் இருக்கும்.

சொல்லும் பொருளும்

அமீனா – நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அலுவலர்
சவ்வு – மெல்லிய தோல்
மழை மறைவுப் பகுதி – மலை தடுப்பதால் மழை குறைவாகப் பெய்யும் நிலம்
அடியோடு – ஆமையின் வயிற்றுப்புற ஓடு
மல்லாந்து – முதுகு கீழாக, வயிறு மேலாக
மரபு – இங்கு, தலைமுறை வழியாக வரும் இயல்பு

மதிப்பீடு

1. நில ஆமையின் கால்கள் நன்னீர் ஆமையின் கால்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ஆமையின் இருப்பிடத்துக்குக் கம்பிவலையை விடச் செங்கல் சுவர் ஏன் ஏற்றது?
3. 'வெயிலின் வெப்பத்தை மட்டும் உள்ளே விட்டு, அதன் பயனை வெளியே நிறுத்திவிடுகிறார்' – இத்தொடரை விளக்குக.
4. மீட்கப்பட்ட கட்டாமையை அருகிலுள்ள காட்டில் உடனே விடாததற்குக் காரணங்கள் இரண்டினை எழுதுக.

மொழியோடு விளையாடு

கடலாமை, கல்லாமை, பொறாமை, நட்சத்திர ஆமை, அறியாமை, இயலாமை. இவற்றுள் விலங்கைக் குறிப்பவை எவை? மற்றவற்றின் இறுதியில் உள்ள 'ஆமை' எப்பொருளைத் தருகிறது? 'கட்டாமை' என்னும் சொல்லை இருவகையிலும் பொருள்படும்படி இரு தொடர்களில் அமைத்து எழுதுக.

கற்பவை கற்றபின்

ஆமையைப் பற்றிய பழமொழியையோ நம்பிக்கையையோ ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதுக. வேறு மொழி பேசும் வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டில் ஆமையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு, இரண்டையும் அருகருகே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.